பெயர்ப்பலகையில் எழுதும் சொல்லும் ஒரு செக் தான்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மடுல்கெல்ல பஸாரில் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு வாலிபர் வந்தார். அவருடைய வாப்பா நக்கிள்ஸ் பக்கம் போகும் பாதையோரத்தில் இருபத்தைந்து வருடங்களாகத் தேத்தண்ணிக் கடை நடத்துகிறார். பிளேன்டீயும் ரொட்டியும் கட்டசம்பலும் அங்கே பிரசித்தம். மகன் கட்டாரில் ஒரு சுப்பர் மார்க்கட்டில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்.

கையில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். கடையை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறாராம். கடனுக்கு வாப்பாவின் காணி உறுதியை ஈடு வைக்க ஏற்பாடு நடக்கிறதாம். வரைபடத்தின் மேலே பெயர்ப்பலகையும் கீறியிருந்தார்: ‘லக்ஸரி பூட்டீக் ஃபைன் டைனிங் கஃபே’.

“மகன், இந்தச் சொல்லுக்கெல்லாம் கருத்து என்ன?” என்று கேட்டேன்.

“கஃபே என்றா தெரியும். மத்தது எல்லாம் ஒரு எடுப்புக்குத்தான் மாமா. டூரிஸ்ட்மார் சொல்லப் பாத்துத்தானே வாகனத்த நிப்பாட்டுறாங்க” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. சொல்லைப் பார்த்துத்தான் வாகனத்தை நிறுத்துகிறார்கள். ஆனால் இறங்கி வந்தவர் அந்தச் சொல்லுக்குரிய பொருளைக் கேட்பார் என்பது அடுத்த பாதி. அந்த இரண்டாவது பாதிக்காகவே இவ்வாரம் இதனை எழுதுகிறேன். காணி உறுதி ஈட்டுக்குப் போகும் இடத்தில் நாம் வாய்மூடி இருக்க முடியாது அல்லவா?

வியாபாரிகளாகிய நமக்கு விளங்கும் பாஷையில் சொல்வதென்றால், பெயர்ப்பலகையில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒரு செக் தான். வாடிக்கையாளர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறார். கணக்கில் காசு இருந்தால் செக் மாறும். இல்லாவிட்டால் திரும்பும். திரும்பிய செக்கைக் கொடுத்தவருக்குப் பஸாரில் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூட்டிக் என்றால் என்ன?

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். ‘பூட்டிக்’ என்பது நம் நாட்டுக்குப் புதிய சொல் அல்ல. பிரெஞ்சு மொழியில் அதற்குச் சின்னக் கடை என்றுதான் கருத்து. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இலங்கையில் வழங்கிய ஆங்கிலத்தில் நம் ஊர்ச் சில்லறைக் கடைகளுக்குப் பெயரே பூட்டிக் தான். தேத்தண்ணிக் கடையை ‘டீ பூட்டிக்’ என்று எழுதினார்கள். அப்படிப் பார்த்தால் அந்த வாலிபரின் வாப்பா இருபத்தைந்து வருடமாக நடத்துவதும் பூட்டிக் தானே! மலிவான, சாதாரணமான இடம் என்பதைக் குறிக்க அன்று அந்தச் சொல் பயன்பட்டது. இன்று அதே சொல் விலை கூடிய, விசேஷமான, ஒரு சிலருக்கு மட்டுமே உரிய இடம் என்று கருத்துக் கொடுக்கிறது. சொல்லின் விலை ஏறியதும் இறங்கியதும் உண்டு. கடைக்குள் இருந்த பண்டம் என்ன என்பதுதான் எக்காலத்திலும் கேள்வி.

இன்று இலங்கையில் ‘பூட்டிக் ஹோட்டல்’ என்பது நினைத்தவர் எல்லாம் எழுதிக்கொள்ளும் அலங்காரச் சொல்லும் அல்ல. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தங்குமிடங்களைப் பதிவு செய்யும்போது வகை பிரிக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர ஹோட்டல்கள், பூட்டிக் ஹோட்டல், பூட்டிக் வில்லா, பங்களா, கெஸ்ட் ஹவுஸ், ஹோம்ஸ்டே என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனைகள் உண்டு. வீட்டில் இரண்டு மூன்று அறையை உல்லாசப் பிரயாணிகளுக்குக் கொடுக்க நினைப்பவர் ‘ஹோம்ஸ்டே’ என்று நேர்மையாகப் பதிந்து நடத்தினால் அதில் ஒரு குறைவும் இல்லை. அதை விட்டுவிட்டு லக்ஸரி, பூட்டிக் என்று எழுதினால், வந்தவர் கட்டில் விரிப்பிலிருந்து குளியலறைத் துவாய் வரை அந்தச் சொல்லை வைத்துத்தான் அளப்பார்.

நட்சத்திரமும் அப்படித்தான். டுபாயில் 1999இல் திறந்த புர்ஜ் அல் அரப் ஹோட்டலை உலகமே ‘ஏழு நட்சத்திரம்’ என்று பேசியது. ஆனால் ஏழு நட்சத்திரம் என்று அங்கே ஒரு உத்தியோகபூர்வமான தரம் கிடையாது. பத்திரிகைக்காரர் வாயில் பிறந்த பேச்சு அது. அந்த ஹோட்டல்காரர் தம்மை ஐந்து நட்சத்திரம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஏழைக் கொடுக்கக்கூடியவர் ஐந்து என்று சொல்கிறார். நம்மவர்களில் சிலர் இரண்டைக் கொடுத்துவிட்டு ஐந்து என்று எழுதுகிறார்கள்!

அரைச் சொகுசின் பாடம்

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. ‘அரைச் சொகுசு’ பஸ்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். சாதாரண பஸ் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. கண்ணாடியில் ஒட்டிய அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த அரை மடங்கைக் கூடுதலாகக் கொடுத்தோம். ஏறிப் பார்த்தால் அதே ஆசனம், அதே நெரிசல் என்று எத்தனை தடவை முணுமுணுத்திருப்போம்? பிறகு என்ன நடந்தது? மக்களின் வாயில் அரைச் சொகுசு என்பதே ஒரு பகிடியாகிவிட்டது. உண்மையாகவே நல்ல பஸ் ஓட்டியவருக்கும் அந்தப் பகிடியில் பங்கு போனது. ஒரு சொல்லைப் பத்துப் பேர் பொய்யாகப் பாவித்தால், பதினோராவது ஆள் உண்மையாகச் சொன்னாலும் நம்ப ஆளில்லை. இது பொதுச் சொத்தில் கை வைப்பது போன்ற காரியம்.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் விதமாக வியாபாரி நடந்துகொள்வது குற்றமாகும். பெயர்ப்பலகையும் விளம்பரமும் அதற்கு விதிவிலக்கல்ல.

மச்சானின் பதினான்கு மாதங்கள்

சில வருடங்களுக்கு முன் என் மச்சான் ஒருவர் கண்டிக்கு அருகே ஒரு பட்டணத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் சாப்பாட்டுக் கடையை மாற்றி ‘ஃபைன் டைனிங்’ என்று போர்ட் போட்டார். மேசைக்கு வெள்ளைத் துணி, கண்ணாடிக் கதவு, மங்கிய விளக்கு, புதிய முள்ளுக்கரண்டிகள் எல்லாம் வந்தன. மெனு அட்டையில் அவருக்கே வாசிக்க வராத பெயர்கள். சமையல்காரர் அதே ஆள். பரிமாறும் பையன்மாரும் அதே ஆட்கள்.

ஃபைன் டைனிங் என்பது மேசைத் துணியில் இல்லை என்பதை நாங்கள் காசு கொடுத்துத்தான் படித்தோம். அங்கே சாப்பாடு ஒரே தடவையில் வருவதில்லை. பசியைத் தூண்டும் சிறு உணவு, சூப், பிரதான உணவு, இனிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன்னையது முடிந்து கோப்பை எடுக்கப்பட்ட பிறகுதான் அடுத்தது. ஒரு மேசைக்கு வந்தவர்கள் இரண்டு மணித்தியாலம் இருப்பார்கள். அதாவது அந்த மேசையில் இரவுக்கு ஒரு வியாபாரம், மிஞ்சினால் இரண்டு. சாதாரணக் கடையில் அதே மேசையில் ஒரு இரவில் எத்தனை பேர் உட்கார்ந்து எழும்புவார்கள்! அந்த வித்தியாசத்தை விலையில் எடுக்க வேண்டும். அந்த விலையைக் கொடுப்பவர் பரிமாறுபவரிடம் கேள்வி கேட்பார். “இந்த இறைச்சி எங்கிருந்து வந்தது? இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?” என்பார். பதில் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

மச்சானின் கடையில் ஒருவர் மாட்டிறைச்சி ஸ்டேக்கை ‘மீடியம் ரெயார்’ என்று கேட்டார். உள்ளே சற்று சிவப்பாக, ஈரப்பசையோடு இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பையன் தலையாட்டினான். நன்றாக வெந்து கறுத்த துண்டு மேசைக்கு வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, காசைக் கொடுத்தார், போனார், திரும்பி வரவில்லை. மறுபக்கம், தினமும் பகல் சோற்றுக்கு வந்த கடைக்கார முதலாளிமாரும் லொறி டிரைவர்மாரும் கண்ணாடிக் கதவைப் பார்த்து “இது நமக்குரிய இடமில்லை” என்று அடுத்த கடைக்குப் போனார்கள். புதியவர் நிற்கவில்லை, பழையவர் போய்விட்டார். பதினான்காவது மாதம் கடை மூடப்பட்டது. கடனை அடைக்க அவர் லொறியை விற்றார். ராத்தாவின் நகையும் போனது. சாப்பாட்டில் குறை இருந்ததாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை. போர்ட்டில் எழுதிய இரண்டு சொல்லுக்குக் கணக்கில் காசு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

தெரியாததாலும் நட்டம்

இது ஒருபுறமிருக்க, இந்தச் சொற்களே நமக்கு வேண்டாம் என்று ஒதுங்குவதும் புத்தி அல்ல. 2018இல் சுமார் 23 இலட்சம் உல்லாசப் பிரயாணிகள் இந்நாட்டுக்கு வந்தார்கள். 2021இல் அது 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. கண்டிக்கு வருபவர்களில் ஒரு பகுதியினர் வத்தேகம, பன்வில வழியாக நம் பக்கமும் ஏறி வருகிறார்கள். கோழி, முட்டை, மரக்கறி, கருவா, மிளகு, கித்துள் பாணி என்று அவர்கள் தங்கும் இடங்களுக்குப் பொருள் கொடுப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சந்தையின் பாஷை தெரியாவிட்டால் நட்டம் நமக்கே.

என் கதையையே சொல்கிறேன். ஒரு கெஸ்ட் ஹவுஸிலிருந்து போன் வந்தது. “நாளைக்கு இருபது பேர், ஹாஃப் போர்ட், கோழி அனுப்புங்க” என்றார்கள். ஹாஃப் என்றால் அரைவாசி. இருபதில் அரைவாசிப் பேர்தான் சாப்பிடுகிறார்கள் போலும் என்று நினைத்துப் பத்துப் பேருக்குக் கோழி அனுப்பினேன்! அன்றிரவு அவர்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓடரும் என் கையை விட்டுப் போனது. பிழை என்னுடையது.

எனவே பொருள் கொடுப்பவர்கள் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பெட் அன்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்றால் படுக்கையும் காலைச் சாப்பாடும். ‘ஹாஃப் போர்ட்’ என்றால் காலையோடு இன்னொரு நேரச் சாப்பாடும், பெரும்பாலும் இரவுச் சாப்பாடு, எல்லாருக்கும். ‘ஃபுல் போர்ட்’ என்றால் மூன்று நேரமும். ‘பஃபே’ என்பது எடுத்துப் போட்டுச் சாப்பிடுவது. எனவே பொருள் அதிகம் போகும், மிச்சமும் அதிகம். ‘அலா கார்ட்’ என்பது மெனு அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வது. எனவே கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் எல்லா வகையும் தயாராக இருக்க வேண்டும். எந்த முறை என்று தெரிந்தால் நாளைக்கு எவ்வளவு இறக்குவது என்று உங்களுக்கே கணக்கு வந்துவிடும்.

விருந்துக்கு மண்டபம் பேசப் போகிறவர்கள் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் கூட்டல் அடையாளத்தைக் கவனியுங்கள். ‘பிளஸ் பிளஸ்’ என்பார்கள். சேவைக் கட்டணமும் வரியும் இதற்குமேல் வரும் என்பது கருத்து. ஒரு தலைக்கு 10,000 ரூபா பிளஸ் பிளஸ் என்றால் 10 வீத சேவைக் கட்டணத்தோடு 11,000. அதற்குமேல், 2024 ஜனவரி முதல் இருக்கும் 18 வீத வற் வரியைப் போட்டால் 12,980. முந்நூறு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். கலியாண வீட்டில் பின்னால் வரும் தலைவலிக்குக் காரணம் புரியும்.

நம்மவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சில அழகான சொற்களுக்குள் நமக்கு ஆகாத பொருள் இருக்கிறது. ‘மார்சலா’ என்பதை மசாலா என்று வாசித்துவிடாதீர்கள். அது இத்தாலியின் சிசிலித் தீவு மதுபானம். ‘டிராமிசு’ என்ற இனிப்பிலும் அதைச் சேர்ப்பதுண்டு. ‘ஃபிளாம்பே’ என்றால் மது ஊற்றித் தீ மூட்டிப் பரிமாறுவது. ‘மிரின்’ ஜப்பானிய அரிசி மது. ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்று கேட்டேயாக வேண்டும். ‘முஸ்லிம் பிரென்ட்லி’ என்பதும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. 2013இல் எழுந்த பிரச்சினையோடு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்குவதிலிருந்து விலகி, 2014 முதல் ஹலால் அக்ரிடிட்டேஷன் கவுன்சில் அதைச் செய்கிறது. சான்றிதழ் இருந்தால் சுவரில் தொங்கும். சொல் மட்டும் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

டயர்க்காரரின் கெட்டித்தனம்

உலகத்தில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய மரியாதை ‘மிஷலின் ஸ்டார்’. இதைக் கொடுப்பது யார் தெரியுமா? பிரான்சின் டயர் கம்பனி. 1900ஆம் ஆண்டில், மக்கள் வாகனம் ஓடினால்தானே டயர் தேயும் என்று நினைத்து, எங்கே திருத்தலாம், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். 1926இல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்தார்கள். இன்றும் சமையல்காரர்கள் அந்த ஒரு நட்சத்திரத்துக்காக உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். ஏன்? தன்னை யாரென்று சொல்லாமல் வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்துப் போகும் பரிசோதகர்தான் அதைத் தீர்மானிக்கிறார். கடைக்காரர் தானே எழுதிக்கொள்ள முடியாத சொல் அது. அதனால்தான் அதற்கு விலை.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட சொற்கள் உண்டு. தேயிலைப் பெட்டியில் இருக்கும் சிங்க இலச்சினை தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டால்தான் அதைப் போடலாம். ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. கருவாவில் மிக மெல்லிய உயர்ந்த ரகத்துக்கு ‘அல்பா’ என்று பெயர். அக்குறணையிலும் மாவனல்லையிலும் சரக்கு வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு இது தெரியும். ரகம் தெரிந்து, பெயர் சொல்லி விற்பவருக்கும், ‘கருவா’ என்று பொதுவாகக் கட்டிக் கொடுப்பவருக்கும் கிடைக்கும் விலை ஒன்றல்ல. இதுதான் கணக்கில் காசு வைத்துவிட்டு எழுதும் செக்.

எங்கள் ஊரையே பாருங்கள். மடுல்கெல்ல டீ அன்ட் ஈக்கோ லொட்ஜ் என்று தேயிலைக்கு நடுவே, மலைக்காட்சி தெரியக் கூடாரங்களாகவே அறைகள் அமைத்திருக்கிறார்கள். பெயரைக் கவனியுங்கள். ஊரின் பெயர், தேயிலை, இயற்கை. இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இருப்புக்குத்தான் பணம் கொடுக்க ஆட்கள் வருகிறார்கள். அந்தத் தேயிலையும் மலையும் நாம் தினமும் பார்த்துச் சலித்தவைதான்.

அவருக்குச் சொன்னது

அந்த வாலிபருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, போர்ட்டில் எழுத நினைக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, அதற்காக நீங்கள் கொடுக்கப்போவது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். நேரே எழுத ஒன்றும் இல்லாவிட்டால் அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள்.

இரண்டாவது, அந்தப் பொருளைக் கொடுக்க மாதம் எவ்வளவு செலவு என்று கணக்குப் போடுங்கள். சொல் எழுத ஒரு தடவைதான் காசு. அதைக் காப்பாற்ற ஒவ்வொரு மாதமும் காசு.

மூன்றாவது, நம்முடைய சொல்லை மறைக்காதீர்கள். வட்டிலப்பத்தை ‘கோக்கனட் புடிங்’ என்று எழுதினால் அது பத்து இடத்தில் கிடைக்கும் ஒன்றாகிவிடும். வட்டிலப்பம் என்றே எழுதி, கீழே கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலம் என்று விளக்கம் எழுதுங்கள். கித்துள் பாணி என்றே எழுதுங்கள். ஐந்தாறு பேர் ஒன்றாகச் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் சாப்பிடும் சஹன் சாப்பாட்டைப் போல ஒன்றை அவர்கள் ஊர் ஹோட்டல்களில் காணக் கிடைக்காது. அதற்குப் பிரெஞ்சுப் பெயர் தேடிப் போக வேண்டியதில்லை.

நான்காவது, காணி உறுதியை ஈடு வைக்குமுன், இருக்கும் கடையிலேயே நான்கு மேசையை ஒழுங்காக்கி, குளியலறையைச் சுத்தமாக்கி, ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். வருபவர் திரும்பி வருகிறாரா என்று பாருங்கள். திரும்பி வரும் வாடிக்கையாளரை விட நம்பகமான பரிசோதகர் வேறு யாருமில்லை.

அவர் கொஞ்சம் மனம் நொந்துதான் போனார். வாலிபரின் கனவில் தண்ணீர் ஊற்றிவிட்டேனோ என்று எனக்கும் ஒரு சங்கடம். இரண்டு வாரம் கழித்து வாப்பாவே கடைக்கு வந்தார். சீனி வாங்கிக்கொண்டு, “உறுதிய இன்னும் அலுமாரியிலதான் வெச்சீக்கிறன். மகன் முதல்ல பாத்ரூம் கட்டுறான்” என்றார். போர்ட் என்னவாயிற்று என்று கேட்டேன். ஊரின் பெயரையும் தேத்தண்ணிக் கடை என்பதையும் மூன்று பாஷையிலும் எழுதப் போகிறார்களாம். ஆங்கிலத்தில் மட்டும் ‘டீ பூட்டிக்’ என்று போடலாமா என்று மகன் கேட்கச் சொன்னாராம்.

தாராளமாகப் போடட்டும் என்றேன். அந்தச் சொல்லுக்கு அவர்கள் கணக்கில் இருபத்தைந்து வருடக் காசு இருக்கிறது.